அன்ஃபண்டட்: 'நிதியற்ற' பொருந்துமா?

வணக்கம்.

கணக்கறிக்கைகளில் வரும் 'அன்ஃபண்டட்' (unfunded) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நிதியற்ற' போதும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியக் கணக்கறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தபோது நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 'நிதியற்ற ஓய்வூதியத் திட்டம்' என்ற வரியைப் படித்த பெரியவர் ஒருவர், "அப்போ இனிமே பென்ஷன் வராதா?" என்று கேட்டார். அவர் பயந்ததில் தவறே இல்லை. ஆதரவற்ற, உயிரற்ற என்று பழகிய காதுக்கு 'நிதியற்ற' என்றால் பணம் தீர்ந்துபோனது என்றுதான் கேட்கும்.

உண்மையில் அந்தத் திட்டத்தில் பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. இன்று வேலை செய்கிறவர்கள் கட்டும் சந்தாவை வாங்கி, இன்று ஓய்வில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நாளைக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஜெர்மனியின் பொது ஓய்வூதியம் 1957 சீர்திருத்தத்துக்குப் பின் பெரும்பாலும் இந்த வழிக்குத்தான் வந்தது, இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, 'நிதி ஒதுக்கப்படாத' என்று சொல்லலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். ஓய்வூதியத்துக்கு அரசு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் நிதி ஒதுக்கினாலும், தனியாகச் சேர்த்து வைக்காதவரை அது அன்ஃபண்டட்தான். ஒதுக்கீடு இந்த ஆண்டுச் செலவுக்கு. இங்கே இல்லாதது வருங்காலப் பொறுப்புக்கு, அதாவது பின்னாளில் கொடுத்தாக வேண்டிய தொகைக்கு, ஈடான சேமிப்பு. கணக்கு எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடுதான் உயிர்நாடி.

இதற்கான சொல் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. "ஃபீஸுக்குப் பணம் எடுத்து வைத்தாயிற்றா?" என்று கேட்கிறோம். வருமானம் இருக்கிறதா என்று யாரும் அப்போது கேட்கவில்லை. அந்தச் செலவுக்கென்று பிரித்து வைத்தாயிற்றா என்பதே கேள்வி. அந்த 'வை' என்ற வினையிலிருந்து பிறந்த 'வைப்பு', வைப்பு நிதி என்ற வழக்கால் எல்லாருக்கும் தெரிந்த சொல்லும்கூட. ஆகவே என் பரிந்துரை 'வைப்பில்லாப் பொறுப்பு'. வட்டியில்லாக் கடன் என்பதைப் போலவே நாக்கில் புரளும். முழுத் தொகையும் சேர்ந்திருந்தால் 'முழுவைப்பு'. நூறு ரூபாய் பொறுப்புக்கு அறுபது ரூபாய்தான் சேர்ந்திருக்கிறது என்றால் அது 'குறைவைப்பு'. மீதி நாற்பது வைப்பில்லாப் பகுதி. 'அண்டர்ஃபண்டட்' (underfunded, குறைவாகச் சேர்ந்தது), 'அன்ஃபண்டட்' இரண்டையும் 'நிதிப் பற்றாக்குறை' என்று எழுதுவதை இதோடு விட்டுவிடலாம். பட்ஜெட் பற்றாக்குறைக்கே அந்தத் தொடர் தேவைப்படுகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் இதையே ஒட்டவைக்க முடியாது. அமெரிக்காவில் 1995இல் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசு மாநிலங்கள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் ஒரு கடமையைச் சுமத்திவிட்டு, அதற்கான செலவைத் தராமல் இருப்பதைக் கட்டுப்படுத்துவதற்கான சட்டம் அது. அதன் பெயரிலும் இதே 'அன்ஃபண்டட்' வருகிறது. அங்கே சேர்த்து வைப்பது பற்றிய பேச்சே இல்லை, கொடுக்காததுதான் விஷயம். 'நிதி தராக் கட்டளை' என்றால் நேராகப் புரிகிறது.

வங்கியில் இன்னொன்று: கடனுக்கு ஒப்புதல் கொடுத்தாயிற்று, வாடிக்கையாளர் இன்னும் பணத்தை எடுக்கவில்லை. இதை 'நிதியற்ற கடப்பாடு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். வங்கியிடமே பணம் இல்லை என்றல்லவா ஆகிவிடுகிறது! 'எடுக்கப்படாத கடன் ஒப்புதல்' போதும். முதலீட்டாளர் கிடைக்காத புதுத் தொழிலுக்கு 'முதலீடு பெறாத' என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பிரிட்டனின் பழைய கடன் கணக்குகளை மொழிபெயர்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வட்டிக்கென்று குறிப்பிட்ட வரி வருவாயைக் கட்டிவைத்த நீண்டகாலக் கடனை ஃபண்டட் என்றார்கள். கருவூல உண்டியல் (அரசு எழுதிக்கொடுத்த கடன் பத்திரம்) போன்ற குறுகியகாலக் கடன்கள் அன்ஃபண்டட். அங்கே 'வைப்பில்லா' தவறாகிவிடும். 'வருவாய் கட்டாக் கடன்' என்று எழுதிப் பார்த்தேன். 'கட்டா' என்பது செலுத்தாத என்ற பொருளையும் தருவதால் மனம் ஒப்பவில்லை. 'வருவாய் பிணைக்காக் கடன்' கொஞ்சம் தேவலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.