தேரிக்காட்டைப் பாரம்பரியச் சின்னமாக்க எதை அளவுகோலாகக் கொள்வது?

உடன்குடியான்:
விசாகப்பட்டினத்துக்கும் பீமுனிப்பட்டினத்துக்கும் இடையே கடலோரத்தில் உள்ள எர்ர மட்டி திப்பலு எனும் செம்மணல் மேடுகளை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2014-இல் புவிப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் நம் தேரிக்காடும் அவ்வகைச் செம்மணல்தான் என்றாலும், அதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. கடற்கரையில் எதைக் காப்பது என்பதை அழகை வைத்து முடிவு செய்வதா, அறிவியல் மதிப்பை வைத்தா, அதை நம்பி வாழ்வோரை வைத்தா?

செம்மணல்:
அழிந்தால் திரும்பப் பெற முடியுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பிச்சாவரத்தில் சிதைந்த அலையாத்திக் காட்டை, மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, நீரோட்டத்தைச் சீராக்கிக் கன்று நட்டு மீட்டார்கள். தேரியை அப்படி மீட்க வழியே இல்லை. அங்கே ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டுப் பாருங்கள். உள்ளங்கை ரேகைகளில் செந்தூள் தங்கிவிடும். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்து இந்த நிறம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன. அதைவிட முக்கியமாக, தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவாக விவரித்த நுண்கற்கருவிகள், அதாவது கற்கால மனிதர் செய்த சின்னஞ்சிறு கல் கருவிகள், இந்தத் தேரிகளில் கிடைத்தவை. அக்கருவி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. மணலை லாரியில் ஏற்றிய பிறகு கையில் மிஞ்சுவது வெறும் கல் சில்லு.

கரைவாசி:
சட்டப்படி ஒரு சிக்கல் உண்டு. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருந்தாலும், திறந்த கடலோரத்தில் அதன் எல்லை உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர்தான். தேரியோ பல கிலோமீட்டர் உள்ளே வரை நீள்கிறது.

பனைமகள்:
ஐயா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேரியில் பனையேறிப் பிழைக்கிறது. தேரியில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையைப் பார்த்தவர்களுக்கு, மழைநீரை இந்த மணல் எப்படி உள்வாங்கி வைத்துக்கொள்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த நீரையும் அளவுகோலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு என்று வேலி போடும்போது, மணல் அள்ளும் வண்டியையும் அரிவாளும் கலயமுமாக வரும் பனையேறியையும் ஒரே ஆணையால் தடுத்துவிடக் கூடாது. எங்கள் பாதை எது, கோயில் பாதை எது என்பதை ஊராரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்த பிறகே எல்லைக்கல் நட வேண்டும்.