பிரசவ அறையில் உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார்? சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பெண்:
தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்து, 108 வரவழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போனோம். வலியும் திட்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். மனதில் நிற்பது தையல் போட்ட நேரம். பிள்ளை வெளியே வந்துவிட்டால் பெற்றவளை யாரும் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் எடை பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு செவிலியர் மட்டும் காலடியில் உட்கார்ந்து, "மரத்துப்போக ஊசி போடுகிறேன், சுருக்கென்று இருக்கும்" என்றார். பிறகு ஒவ்வொரு தையலுக்கும் முன்னால் "இப்போது குத்துகிறேன் தாயி" என்று சொல்லிவிட்டே குத்தினார். நான் காலை இழுத்துக்கொண்டதும் கையை எடுத்துவிட்டார். "நீ சொல், அப்புறம் தொடுகிறேன்." அன்றைக்கு என்னைக் கேட்டுவிட்டுத் தொட்டவர் அவர் ஒருவர்தான். முகக்கவசம் போட்டிருந்ததால் முகம்கூடத் தெரியாது.

ரஸ்தாக்காரன்:
சொல்லிவிட்டுக் குத்தியதற்கே இவ்வளவு நன்றியா? அப்படியானால் சொல்லாமல் குத்துவதுதான் வழக்கம் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். என் மனைவிக்குத் தேவகோட்டையில், காசு கட்டிப் பார்த்த இடத்தில்தான் பிரசவம். "பிள்ளை வேண்டும் என்றபோது வலி தெரியவில்லையா?" என்று உள்ளிருந்து வந்த குரல் வராந்தா வரை கேட்டது. அங்கே ஓர் ஆயா. கதவைப் பாதி திறந்து என் அம்மாவிடம், "ஆச்சி, மருமகள் உங்களைத்தான் கேட்கிறது. டாக்டர் வருவதற்குள் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மறுநாள் அவருக்குத் திட்டு விழுந்ததாகக் கேள்வி.

ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, இராத்திரி முழுக்கப் பிரசவ வார்டில் ஒற்றை ஆளாக நின்று பார்த்ததுண்டா? தலை தெரியும் நேரத்தில் "முக்கு, முக்கு" என்று குரலை உயர்த்தத்தான் வேண்டும். ஏளனம் வேறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருப்பத்தூர்ப் பக்கம், ஒரு பிள்ளை இறந்தே பிறந்தது. மூத்த சிஸ்டர் அதை வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, அம்மாவின் சேலையிலேயே சுற்றி மடியில் வைத்தார். "சுமந்தவள் முகம் பார்க்கட்டும்." அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் ஒரு பெண் துணை இருக்கக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே அதற்கு இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் துணை வேண்டும் என்கின்றன. வலி வரும்போது மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை, நடக்கலாம், ஒருக்களிக்கலாம். பிள்ளையை வெளியே தள்ள வயிற்றை மேலிருந்து அமுக்குவதும், எல்லாருக்கும் பிறப்புறுப்பு வாயைக் கத்தரிப்பதும் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. பிள்ளை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது வெட்டாமல் விடலாம். பிள்ளை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உதிரப்போக்கைத் தடுப்பது அது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். முடிந்தால்...

கோட்டையூர்ப் பேரன்:
சிஸ்டர், அனுபவம் கேட்டார்கள், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்!

எங்கள் அப்பத்தாவுக்குப் பேறு பார்த்தது ஊர் மருத்துவச்சி. இரண்டாங்கட்டு அறையில் இடுப்பை நீவிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். நஞ்சுக்கொடி விழுகிற வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அப்பத்தாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மற்ற நாளில் முகப்புப் பக்கம் வர விடாத வீடு, பேறுகாலத்துக்கு மட்டும் அவரைக் கொல்லை வழியாக உள்ளே அழைத்தது. கூலி நெல்லும் பழைய சேலையும் அதே கொல்லையில்தான். இதை அப்பத்தா சிரித்துக்கொண்டேதான் சொல்லும். அந்த அம்மாவுக்குப் பேறு பார்த்தது யார் என்று கேட்டேன். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை.

கானாடுகாத்தான் அக்கா:
சிஸ்டர், அந்தப் பெண் துணை ஒருவர் மட்டும்தானா? என் தங்கைக்கு அடுத்த மாதம். அம்மாவா மாமியாரா என்று இங்கே இப்போதே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அவளோ, இரண்டு பேரும் வேண்டாம், அக்கா நீ வா என்கிறாள்.