திருக்கைத் தொட்டிக்கு எம்.சாண்ட் போடலாமா, ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா?

பழைய_முற்றம் (காரைக்குடி):
சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து ஒரு மோட்டோரோ திருக்கைக் குட்டி வாங்கி வந்திருக்கிறேன். நன்னீர்த் திருக்கைதான், இப்போதைக்கு சாப்பாட்டுத் தட்டு அகலம். "இதைக் குழம்பு வைக்கத்தானே வாங்கினாய்?" என்று ஆயா தினமும் கேட்கிறார், அது தனிக்கதை. வீட்டு வேலையில் மிச்சமான எம்.சாண்ட் இரண்டு மூட்டை கிடக்கிறது, கழுவிப் போட்டால் போதாதா? இல்லையென்றால் முற்றத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி அடியில் ஆத்தங்குடிக் கல் பதித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை. கண்ணாடி மேல் வார்க்கிற கல், வழுவழுவென்று இருக்கும், வயிற்றில் சிராய்ப்பு வராதே.

தேவகோட்டை_நீர்:
எம்.சாண்ட் வேண்டவே வேண்டாம் அண்ணே. கருங்கல்லை உடைத்து எடுப்பது அது, விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாலே முனை குத்தும். திருக்கைக்கு வாயும் செவுள் துளைகளும் அடிப்பக்கம், நாள் முழுக்க வயிற்றால் தரையைத் தடவிக்கொண்டே இருக்கிற மீன். சிராய்ப்பு விழுந்தால் கிருமி தொற்றும். சலித்த ஆற்று மணல் போடுங்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் நைசாக, தண்ணீர் தெளியும்வரை அலசி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றுப் போகாமல் அழுகிய முட்டை வாடை வரும்.

கண்ணாடித்தரை:
நான் மணலே வேண்டாம் என்கிற கட்சி. நான்கு வருடமாக வெறும் கண்ணாடி. இந்த மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம், கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் கொஞ்சம் ஏறினாலும் தாங்காது. வெறும் தரையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், ட்யூப் வைத்து உறிஞ்சிவிடலாம். மணலுக்குள் ஒளிந்திருக்கும் இறால் துண்டை யார் தேடுவது?

தேவகோட்டை_நீர்:
உங்கள் வசதி சரி தம்பி, மீனின் வசதி? மணலை உதறி மேலே போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியப் படுத்திருப்பது அதன் குணம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற துளை வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும், அதனால் புதைந்தாலும் மூச்சு முட்டாது. ஒளிய இடமில்லாத குட்டி முதல் வாரம் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடித்தரை:
என்னுடையது முதல் நாளே மண்புழு தின்றது. பயம் தெளிய வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும், அதற்கு ஒரு மூட்டை மணலா?

பழைய_முற்றம்:
ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லையே.

கண்ணாடித்தரை:
அது சிமெண்ட் கல் அண்ணே. தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு கரையும், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறும். மோட்டோரோ தென் அமெரிக்க ஆற்று மீன், பிஎச் 7-ஐ ஒட்டி இருந்தால் அதற்கு நல்லது. நம் போர் தண்ணீரே பல இடத்தில் உப்பு, அதில் சுண்ணாம்பு வேறா? கல் கூடத்திலேயே அழகாக இருக்கட்டும்.

தேவகோட்டை_நீர்:
இதில் மட்டும் அவர் கட்சி நான். மழைத் தண்ணீர் பிடிக்க முற்றம் இருக்கிறது, அதைக் கலந்து பாருங்கள். மார்கழிக்கு ஹீட்டர் போட்டால் கூண்டு மாட்டிப் போடுங்கள், அதன் மேல் படுத்து வயிறு வெந்த மீன் உண்டு. வாலில் விஷமுள் இருக்கிறது, வெறும் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், வளர்ந்தால் ஒன்றரை அடி அகலம் வரும், இந்தத் தொட்டி போதாது.

பழைய_முற்றம்:
சரி, எம்.சாண்ட் மூட்டையைக் கொத்தனாரிடமே கொடுத்துவிட்டேன். கொல்லையில் ஒரு பழைய மணல் குவியல் இருக்கிறது, அதைச் சலிக்கலாமா?

தேவகோட்டை_நீர்:
ஒரு கிண்ணத்தில் எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது, அதுவும் சுண்ணாம்புதான், ஆகாது.

பழைய_முற்றம்:
சோடா மாதிரி பொங்குகிறது.

கண்ணாடித்தரை:
நான் சொன்னால் கேட்டால்தானே. இன்றைக்கு ராத்திரி வெறும் தரையிலேயே படுக்கட்டும் விடுங்கள்.

தேவகோட்டை_நீர்:
இன்றைக்கு மட்டும். நாளைக்கு என் வீட்டுக்கு வாங்கண்ணே, அரை மூட்டை அலசி வைக்கிறேன்.