ஹேண்டில் 4 செ.மீ. உயரணும்: ஸ்டெம்மைத் திருப்பினா போதுமா?

கேள்வி (மண்டபம்):
ரெண்டு சைக்கிள் இருக்கு. ஒண்ணு ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் மவுண்டன் சைக்கிளும் கலந்த வகை). ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோட, அதாவது முன்சக்கரக் கவட்டையோட, இணைக்கிற துண்டு) 100 மி.மீ., பக்கத்துல 7° போட்டிருக்கு, கீழ்நோக்கி மாட்டியிருக்கு. ஸ்டெம்முக்கு மேல 15 மி.மீ. ஸ்பேசர் வளையம். இன்னொண்ணு பழைய இரும்பு சைக்கிள், ஃபோர்க்குக்குள்ள இறங்குற க்வில் ஸ்டெம். பாம்பன் பாலம் தாண்டுறதுக்குள்ள உள்ளங்கை மரத்துப்போகுது. ரெண்டையும் 4 செ.மீ. உயர்த்த என்ன வழி?

பதில் 1 (கீழக்கரை):
ஹைப்ரிட்டுக்குப் புது பார்ட்ஸ் வேண்டாம். ஃபோர்க் தண்டு பின்னால சாஞ்சிருக்கிறதால, 7° கீழ்நோக்கி மாட்டின ஸ்டெம்கூட தரையோட பார்த்தா கொஞ்சம் மேல்நோக்கித்தான் இருக்கும். தண்டு 71° சாய்வுன்னா இப்ப 12° மேல நிக்குது, தலைகீழா திருப்பி மாட்டினா 26°. உயரம் 23 மி.மீ. கூடும், ஹேண்டில் 8 மி.மீ. கிட்ட வரும். மேல இருக்கிற ஸ்பேசரைக் கீழே போட்டா இன்னும் 14 மி.மீ. மொத்தம் 37 மி.மீ., கிட்டத்தட்ட நீங்க கேட்ட 4 செ.மீ.

35° ஸ்டெம் வாங்கிடாதீங்க. உயரம் 6 செ.மீ. ஏறும், ஆனா ஹேண்டில் 4 செ.மீ. மடிக்கு வந்துடும்.

கழட்டும்போது முதல்ல டாப் கேப் (தண்டு உச்சியில இருக்கிற மூடி), அப்புறம் பக்கத்து ரெண்டு போல்ட். ஸ்டெம்மை எடுக்கும்போது ஃபோர்க்கைப் பிடிச்சுக்கோங்க, நழுவி இறங்கிடும். மாட்டினதும் தண்டோட நுனி ஸ்டெம் விளிம்புக்கு 2-3 மி.மீ. கீழே இருக்கணும். டாப் கேப்பை ஆட்டம் போற அளவுக்கு மட்டும் முறுக்கி, பிறகுதான் பக்கத்து போல்ட், மாத்தி மாத்தி 5 நியூட்டன் மீட்டர் (ஸ்டெம்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான்). வரிசை மாறினா கேப் எதையும் இறுக்காது, ஹெட்செட் (ஃபோர்க் திரும்புற பேரிங்) கடகடன்னு ஆடும். கடைசியா ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. கேபிள் இழுத்தா நீளமானது போடணும்.

பதில் 2 (தொண்டி):
க்வில்லுக்குத் திருப்புற வேலையே இல்லை, மேல இழுக்கணும். மேல்போல்ட்டை ரெண்டு மூணு சுத்து மட்டும் தளர்த்தி, மரக்கட்டை வச்சு சுத்தியலால ஒரு தட்டு. உள்ளே இருக்கிற ஆப்பு விடும். நம்ம கரையில உப்புக்காத்து அந்த இடத்தைத்தான் முதல்ல பிடிக்கும். அலுமினிய ஸ்டெம்மும் இரும்புத் தண்டும் ஒட்டினது கல்லு மாதிரி இருக்கும். ஹேண்டிலை முறுக்கி மல்லுக்கட்டாதீங்க, ஃபோர்க் கோணிடும். துரு இளக்குற எண்ணெயை மேலயும், சைக்கிளைக் கவுத்து ஃபோர்க் அடிவழியாவும் விட்டு ஒரு ராத்திரி விடுங்க.

வெளியே வந்ததும் துருவைத் தேய்ச்சு, கிரீஸ் தாராளமா பூசுங்க. ஏத்தும்போது ஸ்டெம்ல இருக்கிற எல்லைக் குறி வெளியே தெரியவே கூடாது. குறி இல்லாட்டி இரண்டரை அங்குலமாவது உள்ளே. அதுக்கு மேல ஏத்தினா ஆப்பு மரை வெட்டின மெல்லிசு பகுதியில உக்காந்து தண்டைப் பிளந்துடும். 4 செ.மீ. வரலைன்னா நீளக் க்வில் வாங்குங்க.

பதில் 3 (பாம்பன்):
4 செ.மீ.யையும் ஒரே நாள்ல ஏத்த வேண்டாம். உடம்பு நிமிர்ந்தா பாலத்து மேல எதிர்க்காத்து நெஞ்சுல அடிக்கும். ஹைப்ரிட்ல ஸ்டெம்மை மட்டும் திருப்பி ஒரு வாரம் ஓட்டுங்க, ஸ்பேசர் பிறகு. சீட் மூக்கு கீழ்நோக்கி இருந்தாலும் பாரம் கைக்குத்தான் வரும், அதையும் மட்டம் வச்சுப் பாருங்க.