அம்பர் ஒயின்: முதல் மிடறு எப்படி இருந்தது?

ஆத்தூரான்

அம்பர் ஒயின் என்றால் வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறப்போட்டுச் செய்யும் ஒயின். ஜார்ஜியா நாட்டில் காக்கேத்தி பக்கம் போனவர்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. தெலாவியைச் சுற்றி எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் மரானி என்று ஓர் ஒயின் அறை, அதன் தரையில் வட்ட வட்டமாகப் புதைத்த க்வெவ்ரி வாய்கள். க்வெவ்ரி என்றால் ஒயின் ஊறும் மண் ஜாடி. அதெல்லாம் படத்திலேயே பார்த்திருப்பீர்கள். எனக்கு உறுத்துவது வேறு.

ஏப்ரல் மாதம். வீட்டுக்காரர் மூடியைச் சுற்றி அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டார். வெள்ளைத் திராட்சைதான், ர்கத்சிதேலி. ஆனால் தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றோடும் அக்டோபரில் இருந்து மண்ணுக்குள் கிடந்ததால் செம்பு கலந்த மஞ்சள் நிறம். ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போன கட்டன் சாயா மாதிரி துவர்ப்பு, ஈறு இரண்டும் சுருங்கிவிட்டன. மனுஷன் என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. உப்புக் கரிக்கும் செம்மறிப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு பிய்த்துக் கையில் வைத்தார். அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் துவர்ப்பைக் காணோம்! காய்ந்த ஆப்ரிகாட் வாசனை, வால்நட் வாசனை, கொஞ்சம் தேன்.

அதே ஊரில் வாங்கிய பாட்டிலை பெங்களூரில் திறந்தேன், கடைப் பாலாடைக்கட்டியும் பக்கத்தில் இருந்தது. அந்த ருசி வரவே இல்லை. ஏன்?

திபிலிசி மாணவன்

அண்ணா, இங்கே எம்.டி. (நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி) நான்காம் வருடம் படிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன்.

வாடகை வீட்டு அம்மாவின் சொந்த ஊர் சிக்னாகி பக்கம். ர்த்வேலி நேரத்தில், அதாவது திராட்சை அறுவடைக்கு, என்னையும் அறைத் தோழனையும் கூட்டிப் போனார். ராத்திரி சுப்ரா, அதாவது விருந்து. தெரிந்திருக்குமே, விருந்தை நடத்தும் தமதா எழுந்து பேசி முடிக்கும்வரை யாரும் ஒயினை வாயில் வைக்கக் கூடாது. சமாதானத்துக்கு, நாட்டுக்கு, பெற்றவர்களுக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இறந்தவர்களுக்கு. தமதா திடீரென்று என்னைக் கைகாட்டி, உன் வீட்டில் யார் என்றார். தாத்தா என்றேன். பேசு என்றார்கள். எனக்குத் தெரிந்த ஜார்ஜிய மொழி கடையில் ரொட்டி வாங்கத்தான் ஆகும். எழுந்து நின்று தமிழிலேயே பேசிவிட்டேன், அவர் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டது, மோட்டார் கொட்டகையில் தூங்கியது எல்லாம். ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. முடித்ததும் மொத்த மேசையும் எழுந்து கோப்பையைக் காலி செய்தது.

ஒயின் ருசி சத்தியமாக நினைவில்லை. வீட்டு ஒயின், பிளாஸ்டிக் கேனில் இருந்து ஊற்றியது.

கார்க்

துபாயில் ஹோட்டல் பார் வேலை. முதலில் என் அனுபவம்: ஒரு வாடிக்கையாளர் அம்பர் ஒயின் கேட்டு, வாங்கி முகர்ந்து, "இது கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்பினார். நான் முகர்ந்தேன், கெடவில்லை. இன்னொரு நாள் வேறொருவர் அதே வகையை ஆஹா ஓஹோ என்று குடித்தார், அந்தப் பாட்டில் நிஜமாகவே காடி அடித்துப் போயிருந்தது. அவ்வளவுதான்.

ஆத்தூரான் சாருக்கு: பாலாடைக்கட்டியில் உள்ள புரதம் துவர்ப்பு தரும் டானினைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் துவர்ப்பு அடங்கியது. மாயமந்திரம் இல்லை. பெங்களூரில் வராததற்குக் காரணம், நீங்கள் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருப்பீர்கள். வெள்ளை ஒயின் என்று நினைத்து எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். குளிர்ந்தால் துவர்ப்பு கூடும், வாசனை ஒடுங்கும். 13, 14 டிகிரி போதும். திறந்து அரை மணி நேரம் விடுங்கள். வாய் அகன்ற கண்ணாடி. மீனை விட ஆட்டுக்கறி, கத்திரிக்காய், வால்நட் போட்ட எதுவும் நன்றாக நிற்கும். நம் பிரியாணிக்குக்கூடச் சரிப்படும், ஆனால் காரம் மிஞ்சினால் டானின் இன்னும் எரிக்கும். துவர்ப்பு பிடிக்காதவர்கள் காக்கேத்தியை விட்டு மேற்கே இமெரெத்தி ஒயினைத் தேடுங்கள். அங்கே தோலில் ஒரு பங்குதான் போடுவார்கள், காம்பு சேர்ப்பதில்லை, ஊறும் காலமும் குறைவு. திராட்சை சோலிகோரி, சீத்ஸ்கா.

தம்பி, பிளாஸ்டிக் கேன் ஒயினை வைத்து இந்த வகையை எடை போடாதீர்கள். இத்தாலியில் ஒயின் செய்யும் யோஷ்கோ க்ராவ்னர் 2000-இல் ஜார்ஜியா போய்ப் பார்த்து, 2001-இல் இருந்து ஒஸ்லாவியாவில் க்வெவ்ரியில் போட ஆரம்பித்த பிறகுதான் உலகத்துக்கே இது தெரிந்தது. இல்லாவிட்டால் செத்தே போயிருக்கும்.

அறுவடைக்காரி

கார்க் சார், செத்தே போயிருக்கும் என்பது அதிகம். க்ராவ்னர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. சோவியத் காலத்தில் ஆலைகள் லாரி லாரியாகச் சாதா ஒயின் செய்தபோதும் கிராமத்து வீடுகளில் க்வெவ்ரி நிற்கவே இல்லை. தம்பி குடித்த அந்தக் கேன் ஒயின்தான் அதைக் காப்பாற்றியது. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் அந்த வீட்டு முறையைத்தான்.

நான் குவாரெலி பக்கம் ஒரு பண்ணையில் தன்னார்வலராக இருந்தேன். பெரிய க்வெவ்ரியைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். வாய் சின்னது, அங்கே இருந்ததில் நான்தான் ஒல்லி. இறக்குவதற்கு முன் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்த்தார்கள், கரியமில வாயு தங்கியிருந்தால் அணைந்துவிடும் என்று. அணையவில்லை, இறங்கினேன். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பான், சுண்ணாம்புத் தண்ணீர். சுவரில் தேன்மெழுகு வழவழவென்று கைக்குப் பட்டது. தோளுக்கு மேல் கையைத் தூக்க இடமில்லை. மேலே இருந்து பண்ணை வீட்டுப் பாட்டி ஏதோ கேட்டார், நான் "ம்" என்றேன், அந்த "ம்" நாலு பக்கமும் சுற்றி என் நெஞ்சிலேயே வந்து இடித்தது. அந்த அதிர்வு இப்போது நினைத்தாலும் உடம்பில் தெரிகிறது.

ஆத்தூரான்

கார்க், ஃப்ரிட்ஜில் வைக்கவே இல்லை ஐயா. கேட்காமலே தீர்ப்பா?

த்ரியெஸ்தேவாசி

நான் இங்கே, இத்தாலியின் த்ரியெஸ்தே ஊருக்கு, இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவன். ஒஸ்லாவியா பேச்சு வந்ததால் ஒன்று. அது கொஞ்சம் வடக்கே, அங்கே ரிபோல்லா ஜல்லா திராட்சை. எங்கள் கார்ஸோ சுண்ணாம்புப் பாறை மேட்டில் விதோவ்ஸ்கா. ஒஸ்மீத்ஸா என்று விவசாயி வீட்டு வாசலில் மரக்கிளை தொங்கினால் உள்ளே போய்க் குடிக்கலாம், 1784-இல் அன்றைய பேரரசர் இரண்டாம் யோசப் கொடுத்த அனுமதி. மெனு என்றால் பன்றித் தொடை, சலாமி, பாலாடைக்கட்டி, அவித்த முட்டை. நான் கறி தொடாதவன், முட்டை மட்டும் உண்டு. தோலோடு ஊறிய விதோவ்ஸ்கா கலங்கலாக வந்தது, கூடவே முட்டை. மஞ்சள் கரு வாயில் ஒட்டிக்கொண்டிருக்க ஒரு மிடறு, அப்படியே கழுவிக்கொண்டு போனது. முட்டை, ஒயின், முட்டை, ஒயின். தட்டு காலியானதும் அந்த வீட்டம்மா கேட்காமலே இன்னும் இரண்டு கொண்டுவந்து வைத்தார். ஆத்தூரான், அடுத்த பாட்டிலுக்கு முட்டை அவியுங்கள்.

கார்க்

முட்டையோடு ஒயினா? சரி, உங்கள் வாய்.

புதுசு

படித்ததும் ஆசையாக இருக்கிறது. சென்னையில் எங்கே கிடைக்கும்?

திபிலிசி மாணவன்

சென்னையில் நான் பார்த்ததில்லை அக்கா. ஊருக்கு வரும்போது ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள், அதாவது இரண்டு பாட்டில். போன தடவை இரண்டையும் மாமா வாங்கிக்கொண்டார், சோடா கலந்து குடித்தார்.