பின்பெட்டி இரண்டும் ஊமை
கீழக்கரை வீட்டுக் குழு, வியாழன் இரவு

சாச்சா (சித்தப்பா), 8:12
தம்பி, துபாயில் வேலை முடிந்ததா? கூடத்தில் பிள்ளைகள் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்பீக்கர்களில் முன்பெட்டிகள் மட்டும் பாடுகின்றன. பின்பெட்டி இரண்டும் ஊமை.

உம்மா, 8:13
உப்புக் காற்றுதான். போன வருடம் ஃபேனைத் தின்றது, ஜன்னல் கம்பியைத் தின்றது. இப்போது பெட்டி.

காக்கா (அண்ணன், துபாய்), 8:15
இங்கே மணி 6:45 தான் உம்மா, இன்னும் அலுவலகத்தில் இருக்கிறேன். சாச்சா, பின்பெட்டியின் வயரை முன்பெட்டி செருகும் இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

சாச்சா, 8:21
மாட்டினேன். கணீரென்று பாடுகிறது.

காக்கா (துபாய்), 8:22
அப்படியென்றால் காற்றின் மேல் பழி போட வேண்டாம். வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, பெட்டிகளுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து தெரிகிறது என்று பாருங்கள்.

நான், 8:24
'பி.சி.எம்.' என்று இருக்கிறது காக்கா. சாச்சா ரிமோட்டில் ஏதோ பொத்தானை அழுத்தினார், பின்னாலும் சத்தம் வந்துவிட்டது!

லாத்தா (அக்கா), 8:25
முடிந்ததா? நான் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும்.

காக்கா (துபாய்), 8:27
முடியவில்லை லாத்தா. அது முன்னால் வரும் அதே சத்தத்தைப் பின்னாலும் ஊற்றுகிற பொத்தான். பேசுகிறவர் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பேசுவார். அதை அணைத்துவிடுங்கள். தம்பி, வீட்டில் இருக்கும் பழைய டி.வி.டி. ஒன்றைக் கணினியில் போடு.

நான், 8:34
போட்டேன். முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று மாறிவிட்டது. ஆறு பெட்டியும் வேலை செய்கின்றன!

சாச்சா, 8:35
பழையதற்குப் பாடும், புதியதற்குப் பாடாதா? இது என்ன நியாயம்?

காக்கா (துபாய்), 8:36
கணினியிலிருந்து ரிசீவருக்கு எந்த வயர் போகிறது? நான் வாங்கித் தந்த எச்.டி.எம்.ஐ. தானே?

சாச்சா, 8:38
அந்தத் துளை போன மாதமே கெட்டுப்போயிற்று. பழுது பார்க்க வந்தவர் மெல்லிய வயர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். நுனியில் சிவப்பு வெளிச்சம் வரும்.

காக்கா (துபாய்), 8:43
அங்கேதான் இருக்கிறது சங்கதி! அது ஆப்டிகல் வயர். சின்ன வள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மீன், அதாவது சுருக்காத பி.சி.எம். ஒலி என்றால் இரண்டு கூடைதான் ஏறும். ஆறு கூடையையும் ஏற்ற வேண்டுமானால் கருவாடாக்கி, அதாவது சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். டி.வி.டி.யில் உள்ள டால்பி ஒலி ஏற்கெனவே கருவாடு, அப்படியே போய்விடுகிறது. புதுப் படம் எந்த வகை ஒலி? தம்பி, படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்திப் பார்.

நான், 8:45
ஏ.ஏ.சி. என்று காட்டுகிறது. சேனல் ஆறு இருக்கிறது.

காக்கா (துபாய்), 8:47
அதுதான். ஏ.ஏ.சி.யும் சுருக்கிய ஒலிதான், ஆனால் அந்த ரிசீவருக்கு அந்தக் கருவாடு பழக்கமில்லை. அதனால் கோடி அதை விரித்து, ஆறை இரண்டாகக் கலந்து அனுப்புகிறது.

உம்மா, 8:48
கோடியா? எவ்வளவு செலவு செய்தீர்கள்?

நான், 8:48
படம் ஓட்டுகிற மென்பொருளின் பெயர் உம்மா. இலவசம்.

காக்கா (துபாய்), 8:52
கோடியின் அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் ஆடியோ. இடது கீழ் மூலையில் பற்சக்கரம் இருக்கும், 'எக்ஸ்பர்ட்' வரும்வரை அதை அழுத்து. சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வை.

சாச்சா, 8:53
தம்பி, பெட்டி ஆறு இருக்கிறது. நான்தான் 5.1 என்று மாற்றி வைத்தேன்.

காக்கா (துபாய்), 8:56
எல்லாரும் விழுகிற குழி அதுதான் சாச்சா. அந்த எண் உங்கள் பெட்டிகளின் கணக்கு இல்லை, வயரில் பச்சையாக ஏறக்கூடிய கூடைகளின் கணக்கு. 2.0 வைத்தால்தான் கருவாடாக்கும் வசதியே கண்ணில் படும். அடுத்து பாஸ்த்ரூ (ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்புவது) அனுமதி, ரிசீவருக்கு டால்பி டிஜிட்டல் தெரியும் என்பது, கடைசியில் டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங் (வேறு வகை ஒலியை டால்பியாக மாற்றுவது). முதல் இரண்டும் இயக்கத்தில்தான் இருக்கும், அதனால்தான் டி.வி.டி. பாடியது. மூன்றாவதை இயக்கு.

நான், 9:04
இயக்கிவிட்டேன். புதுப் படத்துக்கும் 'டால்பி டிஜிட்டல்' வந்துவிட்டது!!

சாச்சா, 9:05
பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். நன்றாக இரு தம்பி.

காக்கா (துபாய்), 9:06
டி.வி.டி. ஒலி கருவாடாகவே போவதால் கணினியில் சத்தம் கூடாது. அதற்கு என்னைக் கூப்பிடாதீர்கள், ரிசீவரில் கூட்டுங்கள். எனக்குக் கூலி ஒரு கிலோ தொதல் இனிப்பு. யாராவது வரும்போது கொடுத்துவிடுங்கள்.

உம்மா, 9:11
மழை பிடித்துவிட்டது, மாடியில் துணி கிடக்கிறது. யாராவது ஓடுங்கள்.

சாச்சா, 9:12
மதினி, அது படத்தில் பெய்கிற மழை. பின்பெட்டியில் கேட்கிறது.

உம்மா, 9:14
முன்னாலேயே சொல்வதற்கென்ன? பாதிப் படி ஏறிவிட்டேன்.