பரிசு அட்டைப் பணம் எப்போது கடையின் வருமானம்?

துணிக்கடைக்காரர், பினாங்கு:
தீபாவளிக்கு 10,000 ரிங்கிட்டுக்குப் பரிசு அட்டை விற்றேன். பணம் கல்லாவில் இருக்கிறது. பணம் திருப்பித் தரப்படாது, ஆறு மாதத்தில் காலாவதி என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறேன். ஆனால் என் கணக்கர் அதை விற்பனையில் சேர்க்க மறுக்கிறார். இது என்ன நியாயம்?

செந்தூல் கணக்கர்:
அவர் செய்வதுதான் சரி, ஐயா. பணம் வந்தது, சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுக்கும்வரை நீங்கள் கடன்பட்டவர். மலேசியாவில் 2018 முதல் நடப்பில் உள்ள எம்.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கியல் விதி, முன்பணத்தைப் பொறுப்பாகவே, அதாவது தீர்க்க வேண்டிய கடனாகவே, காட்டச் சொல்கிறது. சிறிய தனியார் நிறுவனங்களுக்கு வேறு விதித்தொகுப்பு உண்டு. அதிலும் முன்பணம் வருமானம் ஆகாது.

துணிக்கடைக்காரர்:
பத்தில் ஒரு அட்டை திரும்பி வருவதே இல்லை. அதையும் காலமெல்லாம் கடனாகச் சுமக்க வேண்டுமா?

செந்தூல் கணக்கர்:
வேண்டாம். பழைய பதிவுகள் அதை உறுதியாகக் காட்டினால், 1,000 ரிங்கிட்டுக்கான அட்டைகள் திரும்பி வராது என்று எம்.எஃப்.ஆர்.எஸ். 15-இன்படி மதிப்பிடலாம். வரக்கூடிய 9,000-இல் 4,500-க்குத் துணி எடுத்துவிட்டார்கள் என்றால் பாதி முடிந்தது. அந்த 1,000-இலும் பாதி, 500, வருமானத்தில் சேரும். மொத்தம் 5,000. பதிவே இல்லையென்றால், இனி யாரும் வரப்போவதில்லை என்று தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
அந்த 1,000 யாருடைய பணம் என்று இருவரும் கேட்கவில்லையே! ஆறு மாதத்தில் காலாவதி என்று போட்டுவிட்டு, வரவில்லை என்றால் எப்படி? கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் பொதுவாகப் பரிசு அட்டைக்குக் காலாவதியே கூடாது. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் குறைந்தது மூன்று ஆண்டு.

துணிக்கடைக்காரர்:
அம்மா, சேலை விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. நான் எத்தனை நாள் காத்திருப்பது?

செந்தூல் கணக்கர்:
விலை ஏறினாலும் நீங்கள் தர வேண்டியது அட்டையில் உள்ள தொகைக்கு உரிய துணிதான். தாமதத்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கே. எத்தனை அட்டை திரும்பி வராது என்ற மதிப்பீட்டைக் காலாவதித் தேதி இல்லாமலும் செய்ய முடியும்.

துணிக்கடைக்காரர்:
கணக்கைப் பிரித்தே எழுதுகிறேன். ஆனால் ஆறு மாதக் கெடுவை எடுக்க மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
அப்படியானால் அந்தத் தேதியை அட்டையின் பின்புறம் எறும்பு எழுத்தில் ஒளிக்காதீர்கள். முன்புறம், தொகைக்குப் பக்கத்தில், அதே அளவில் அச்சிடுங்கள்.